மதியம் தூங்கும் சர்வர்

மதிப்புக்கும் அன்புக்கும் உரிய மச்சான் அவர்களுக்கு,

தங்கள் தங்கையின் கணவன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே அனைவரும் நலம். நலம் என்ற சொல்லுக்குள் எவ்வளவு அடங்கும் என்பதைக் கீழே படித்துத் தெரிந்துகொள்ளவும். தங்கள் தொண்டை இப்போது எப்படி இருக்கிறது? பேருந்து நிலையத்தில் அத்தனை வருடம் ஒலிபெருக்கியில் அறிவிப்பு வாசித்த தொண்டை, ஓய்வு பெற்றதும் கரகரத்துவிட்டது என்று சென்ற கடிதத்தில் எழுதியிருந்தீர்கள். பேச ஆள் இல்லாமல் வரும் கரகரப்பு அது. எனக்குத் தெரியும். வெந்நீர் குடிக்கவும்.

விஷயத்துக்கு வருகிறேன். என்னை வேலையை விட்டு எடுத்துவிட்டார்கள். நீர் விநியோக அலுவலகத்தின் புகார்ப் பிரிவிலிருந்து ஓய்வு பெற்று வீட்டோடு கிடக்கிற மனிதனுக்கு ஏது வேலை என்று கேட்பீர்கள். இருந்தது மச்சான். எடுத்தவள் நான் பெற்ற மகள். நீங்கள் தாய்மாமன், நீங்கள் சொன்னால் கேட்பாள். "அப்பாவை மறுபடியும் சேர்த்துக்கோம்மா" என்று அவளிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அதற்குத்தான் இந்தக் கடிதம். இதைப் போனிலேயே உங்களிடம் சொல்லியிருக்கலாம், ஆனால் இந்த வீட்டில் ஒருவர் போன் பேசினால் மூன்று பேர் கேட்கிறார்கள்.

அவள் நல்ல வேலையை உதறிவிட்டு, கூடப் படித்த பையனைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டு, எங்கள் முன்னறையில் ஸ்டார்ட்அப் ஆரம்பித்தது உங்களுக்குத் தெரியும். அவன் தாடி வைத்திருப்பதால் இந்த வீட்டில் அவனுக்குப் பெயரே தாடிதான். சுவரில் எங்கள் கல்யாணப் போட்டோவைக் கழற்றிவிட்டு வெள்ளைப் பலகை மாட்டினார்கள். சாப்பாட்டு மேசை அவர்களுக்குப் போனது, நாங்கள் மடியில் தட்டு வைத்துச் சாப்பிட்டோம். வீட்டில் குழாய் ஒழுகினாலும் கதவு இறுகினாலும் சுவிட்ச் பொறி தட்டினாலும் ஆப்பில் எழுதினால் போதும், கணினியே நாலு கேள்வி கேட்டு, கோளாறு இன்னது என்று கண்டுபிடித்து, சரியான ஆளை அனுப்பும். இதுதான் யோசனை. நல்ல யோசனைதான். இந்த யோசனை வேண்டுமா என்று ஒருவரையாவது கேட்டீர்களா என்றேன். "முதல்ல கட்டி முடிச்சிருவோம் அங்கிள், அப்புறம் கேட்கலாம்" என்றான் தாடி. சாப்பாடு தூக்கம் இல்லாமல் கட்டினான். ஆப்பின் நிறத்தை மாற்ற மட்டும் பதினாறு வழி வைத்திருந்தான். திறந்துவிட்ட அன்று ஈ காக்கை வரவில்லை. மறுநாள் ஒருவர் வந்தார். தாடி நாற்காலியிலிருந்து குதித்தான். வந்தது உங்கள் தங்கை, இதை எப்படி மூடுவது என்று கேட்டிருந்தாள்.

அடி பட்டபிறகுதான் புத்தி வரும் என்பார்கள், வந்தது. வெளியே போய் வீடு வீடாகக் கேட்டார்கள். கேட்டால் ஜனங்களுக்கு நிறமும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், கேட்ட கேள்விக்கு உடனே பதில் வேண்டும், அவ்வளவுதான். ஆனால் அந்தப் பதில் சொல்லும் பகுதி மட்டும்தான் தாடிக்கு இன்னும் முடியவில்லை. அப்போது என் மகள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அப்பா, ரெண்டே வாரம். வெளியில பார்க்கிறவங்களுக்குக் கம்ப்யூட்டர் பதில் சொல்ற மாதிரி இருக்கும். உள்ள உட்கார்ந்து நீங்க சொல்லுங்க. அதுக்குள்ள தாடி முடிச்சிருவான்" என்றாள். எனக்கென்ன, வாழ்நாளெல்லாம் செய்த வேலை. உள்ளறையில் ஒரு மேசை, ஒரு மடிக்கணினி, முதுகுக்கு ஒரு தலையணை. நான் தயார்.

இரண்டு வாரம் பத்து மாதம் ஆயிற்று. ஸ்டார்ட்அப்பில் நாள்கணக்கு அப்படித்தான் ஓடும் போலிருக்கிறது.

மச்சான், என் புகழை நானே பாடக்கூடாது, இருந்தாலும் உங்களிடம் பாடாமல் யாரிடம் பாடுவது? ஜனங்கள் வந்தார்கள். ஒருவர் பத்துப் பேருக்குச் சொன்னார். "இந்தக் கம்ப்யூட்டர் எவ்வளவு தன்மையா பேசுது" என்று பாராட்டி எழுதினார்கள். குழாய் ஒழுகுகிறது என்றால் நான் முதலில் அடியில் வாளி வைக்கச் சொல்வேன், பிறகு கைப்பிடியில் ஒழுகுகிறதா அடியில் ஒழுகுகிறதா என்று கேட்பேன், கடைசியில் சாப்பிட்டீர்களா என்பேன். புகார்ப் பிரிவில் பழகிய பழக்கம், சாப்பிட்டாயா என்று கேட்டால் பாதிக் கோபம் இறங்கிவிடும். தவறே செய்யவில்லை என்று சொல்லமாட்டேன். கதவு உடைந்துவிட்டது என்று எழுதிய ஒரு பெண்ணிடம், யார் உடைத்தது, ஏன் உடைத்தது என்று விசாரித்துக்கொண்டே போய், கணவன் மனைவி சண்டையைத் தீர்த்து வைத்தேன், தச்சனை அனுப்ப மறந்துவிட்டேன். மூன்று நாள் கதவில்லாமல் ஒற்றுமையாக இருந்திருக்கிறார்கள். இன்னொன்றும் உண்டு. மதியம் சாப்பிட்டதும் எனக்கு ஒரு மணி நேரம் கண் அயர வேண்டும், உங்களுக்குத் தெரியும். அந்த நேரத்தில் ஆப்பைத் திறந்தால் "சர்வர் பராமரிப்பில் உள்ளது" என்று வருமாறு தாடி செய்து வைத்தான். சர்வர் என்றால் ஓட்டலில் பரிமாறுகிறவர் என்றுதான் நானும் உங்கள் தங்கையும் நினைத்திருந்தோம். அதன்பிறகு மகளும் தாடியும் என்னைச் சர்வர் என்றே கூப்பிட ஆரம்பித்தார்கள். "சர்வர் எழுந்தாச்சா?" என்று உங்கள் தங்கையும் கேட்பாள்.

கையிலிருந்த சேமிப்பு கரையக் கரைய, முதலீட்டாளர்களைத் தேடி இறங்கினார்கள். போட்டிக்கு யார் இருக்கிறார்கள் என்று முதலாமவர் கேட்டாராம். யாருமில்லை என்றார்களாம். அப்படியானால் இதற்குச் சந்தையே இல்லை என்று அனுப்பிவிட்டார். அடுத்தவரும் அதையே கேட்டார். இவர்கள் உஷாராகி, நிறையப் பேர் இருக்கிறார்கள் என்றார்கள். அப்படியானால் நீங்கள் தாமதமாக வந்துவிட்டீர்கள் என்றார். மூன்றாமவர் ஒரு மணி நேரம் புத்திமதி சொல்லிவிட்டு, தன் வீட்டில் குளியலறைக் குழாய் ஒழுகுகிறது, ஆள் கிடைக்குமா என்றார். போகும்போது "தொடர்பில் இருப்போம்" என்றாராம். அதைக் கேட்டு நான் பக்கத்து வீடு, எதிர் வீடு எல்லாம் போய், முதலீடு கிடைத்துவிட்டது என்று சொல்லிவிட்டு வந்தேன். தொடர்பில் இருப்போம் என்றால் முதலீட்டாளர் பாஷையில் பணம் கிடையாது என்று அர்த்தமாம். என் மகள் சொன்னபோது எதிர் வீட்டுக்காரர் வாழ்த்துச் சொல்ல வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

நான்காவதாக வந்தவர் ஒரு நரைமுடி அம்மாள். அதிகம் பேசமாட்டார். நேரிலேயே பார்க்கிறேன் என்று வீட்டுக்கே வந்துவிட்டார். வந்த நேரம், நாங்கள் சாப்பிட்டு முடித்த நேரம். முன்னறையில் தாடி படம் போட்டுக் காட்டினான். வாடிக்கையாளர் எண்ணிக்கை ஒரு கோடாக மேலே மேலே ஏறுகிறது. அந்தக் கோடு நான்தான் மச்சான். ஆனால் கோடு அப்போது உள்ளறையில் படுத்திருந்தது. அந்த அம்மாள் தன் போனை எடுத்து, "குழாய் ஒழுகுது" என்று எழுதினார். பராமரிப்பு என்று வந்தது. "உங்க சர்வர் தினமும் மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம்தான் பராமரிப்புக்குப் போகுது. ஒரு மாசமா பார்க்கிறேன். ஏன்?" என்று கேட்டாராம். யாரும் பதில் சொல்லவில்லை. நான் சொன்னேன். குறட்டையாக.

இதை எனக்கு உங்கள் தங்கை பிறகு சொன்னாள். அந்த அம்மாள் எழுந்து வந்து, கதவைத் தள்ளி, என்னையும் தலையணையையும் மடிக்கணினியையும் ஒரு பார்வை பார்த்தாராம். கோபப்படவில்லை. "உங்க அப்பா நல்லா பண்றார். ஆனா இவரை நான் எத்தனை ஊருக்கு அனுப்ப முடியும்? இவருக்கு நாளைக்குக் காய்ச்சல் வந்தா கம்பெனிக்கும் காய்ச்சல். அப்பாவை எடுத்துட்டு, மெஷினை மட்டும் வெச்சு ஒரு மாசம் ஓட்டிக் காட்டுங்க. ஓடினா பணம் போடறேன்" என்றாராம். ஓடாவிட்டால் கடையைக் கட்ட வேண்டியதுதான், சேமிப்பு அந்த ஒரு மாதத்துக்குத்தான் தாங்கும்.

அன்று மாலை என் மகள் கையைப் பிசைந்துகொண்டு வந்தாள். "அப்பா, நாளையிலேர்ந்து நீங்க ரெஸ்ட் எடுங்க" என்றாள். இதே வாக்கியத்தை ஓய்வு பெற்ற அன்று மேலதிகாரி சொன்னார், ஒரு சால்வையாவது போர்த்தினார். நான் "சரிம்மா" என்று சொல்லிவிட்டுத் தலையணையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். வேறென்ன சொல்வது? அவள் வாழ்க்கை. அந்தக் கம்பெனி பிழைக்க வேண்டும், அதில் எனக்கு இரண்டாம் பேச்சில்லை. ஆனால் என்னை வைத்துக்கொண்டே பிழைத்திருக்கலாமே என்றுதான் வயிறு எரிகிறது. மறுநாள் காலை குளித்து, இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு, கூடத்தில் வந்து நின்றேன். எங்கே போய் உட்காருவது என்று தெரியவில்லை மச்சான்.

இப்போது சொல்லப்போவதை உங்கள் தங்கையிடம் மூச்சு விடக்கூடாது. அந்த மெஷின் எந்த லட்சணத்தில் பேசுகிறது என்று பார்த்துவிடுவோம் என்று, நான்கு நாள் கழித்து, மூன்றாம் மாடிக் குடித்தனக்காரர் என்று பொய்ப் பெயர் கொடுத்து, முன்னறை ஜன்னலோரம் உட்கார்ந்து என் போனில் எழுதினேன். "ஐயா, மேற்படி முகவரியில் உள்ள சமையலறைக் குழாயானது இரு தினங்களாக ஒழுகி வருகிறது. தக்க நடவடிக்கை எடுக்க வேண்டுகிறேன்." ஏதாவது உளறும், சிரிக்கலாம் என்று காத்திருந்தேன். பதில் வந்தது: "முதல்ல அந்தப் பச்சை வாளியை எடுத்து அடியில வைங்க. கைப்பிடியில ஒழுகுதா, அடியில ஒழுகுதா? சாப்பிட்டீங்களா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அட்சரம் பிசகாமல் நான் பேசுகிற பேச்சு! அதிலும் எங்கள் வீட்டு வாளி பச்சை என்று அதற்கு எப்படித் தெரியும்? மெதுவாக மகளிடம், இந்த மெஷின் வாளி நிறமெல்லாம் சொல்லுமா என்று பொதுவாகக் கேட்டேன். அவள் முகம் ஒரு மாதிரி போனது. "உங்க பத்து மாசப் பேச்சையும் படிச்சிருக்குப்பா. அதுல ஏதாவது இருக்கும்" என்றாள். விஞ்ஞானம் எங்கேயோ போய்விட்டது மச்சான்.

அன்றிலிருந்து தினமும் எழுதுகிறேன். குழாய் பற்றி எவ்வளவு நாள் எழுதுவது? குழாய் தீர்ந்து, கதவு தீர்ந்து, ஒருநாள் என்னையறியாமல் உண்மையை எழுதிவிட்டேன். எனக்கு ஒரு வேலை இருந்தது, மகளுக்குப் பக்கத்து அறையில் உட்கார்ந்து அவளோடு சேர்ந்து செய்தேன், என் ஆயுளில் அந்தப் பத்து மாதம் போல் நான் சந்தோஷமாக இருந்ததில்லை, இப்போது காலையில் எழுந்தால் கை கால் எங்கே வைப்பது என்று தெரியவில்லை என்று எழுதினேன். பிறகு, "வேலை போனா மனுஷன் போயிடுவாரா? சட்டையை மாத்திக்கிட்டு ஒரு நடை போயிட்டு வாங்க. திரும்பி வர்றப்போ மனசு லேசாயிருக்கும்" என்று வந்தது. போனேன். திரும்பி வந்தபோது, கேட்காமலே உங்கள் தங்கை சூடாகத் தேநீர் வைத்திருந்தாள். சில நாள் இப்படித் தானாகவே எல்லாம் அமைந்துவிடும். இன்னொரு நாள், "இதையெல்லாம் வீட்டுல சொல்லித்தான் பாருங்களேன்" என்றது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என்னதான் படித்திருந்தாலும் மெஷின் மெஷின்தான், அதற்கு உங்கள் தங்கையைத் தெரியாது. அவளிடம் சொன்னால், "சும்மா இருக்கிறதுக்கு இவ்வளவு அலட்டலா?" என்பாள்.

ஆகவே மச்சான், கடிதத்தை ஆரம்பித்தபோது இருந்த மனம் முடிக்கும்போது இல்லை. என் மகள் ஜெயித்துவிட்டாள். தாடி கெட்டிக்காரன். என்னைவிட நன்றாக நானாகவே பேசும் ஒன்றைச் செய்துவிட்டார்கள், இனி எனக்கு அங்கே என்ன வேலை? நாளை மறுநாளோடு அந்த அம்மாள் சொன்ன மாதம் முடிகிறது. நீங்கள் அவளுக்குப் போன் செய்யவேண்டாம். மேலே கேட்டதைக் கேட்காததாக நினைத்துக்கொள்ளவும். பெருந்தன்மையாக ஒதுங்கிக்கொண்டேன் என்று யாராவது கேட்டால் சொல்லவும்.

தாங்களும் வீட்டில் அனைவரும் நோய் நொடியில்லாமல், ஒழுகாத குழாயும் திறக்கிற கதவுமாகப் பல்லாண்டு வாழ விரும்பும்,

தங்கள் தங்கையின் கணவன்,
முன்னாள் சர்வர்

பின்குறிப்பு: தபால்தலை இல்லாமல் இந்தக் கடிதம் மூன்று நாள் மேசையிலேயே கிடந்தது. நல்லவேளை. மேலே எழுதிய எதையும் நம்ப வேண்டாம்.

நேற்று முன்தினம் காலை வழக்கம்போல் எழுதிக்கொண்டிருந்தேன். நடுவில் மெஷின், "ஒரு நிமிஷம் இருங்க, பால் பொங்குது" என்றது. மெஷினுக்கு ஏது பால் என்று நான் யோசிப்பதற்குள் சமையலறையிலிருந்து தீய்ந்த வாசனை வந்தது. எழுந்து போய்ப் பார்த்தேன். அடுப்புக்குப் பக்கத்தில் முக்காலி, மாவு டப்பாவின் மேல் மடிக்கணினி, மூக்கு நுனியில் கண்ணாடி. உங்கள் தங்கை ஒரு கையால் அடுப்பைத் துடைத்துக்கொண்டு, இன்னொரு கையால் எனக்குப் பதில் தட்டிக்கொண்டிருந்தாள்.

தாடியின் மெஷின் இரண்டே நாள்தான் ஓடியதாம். மனசு உடைஞ்சு போச்சு என்று யாரோ எழுதியதற்கு, "எந்த அறையில் உடைந்தது?" என்று கேட்டிருக்கிறது. மகள் தலையில் கை வைத்து உட்கார்ந்ததைப் பார்த்துவிட்டு, "தள்ளு, உங்கப்பா என்ன சொல்வார்னு எனக்குத் தெரியாதா? இத்தனை வருஷமா அதைத்தானே கேட்டுட்டு இருக்கேன்" என்று இவள் முக்காலியைப் போட்டுவிட்டாள்.

"மூன்றாம் மாடிக்காரர் நான்தான்னு உனக்கு எப்போ தெரியும்?" என்றேன்.

"முதல் வரியிலேயே. மேற்படி குழாய்னு இந்த உலகத்துல வேற யார் எழுதுவா?"

"அப்போ நான் எழுதினதெல்லாம்..."

"படிச்சேன்" என்றாள். அடுப்பையே துடைத்துக்கொண்டிருந்தாள். "என்கிட்ட சொல்லியிருக்கலாம். பரவாயில்லை, என்கிட்டதானே சொன்னீங்க."

எனக்குக் கண் கலங்கிவிட்டது மச்சான். "உட்காருங்க, சாப்பிட்டீங்களா?" என்றாள்.

என் மகள் அன்றே அந்த அம்மாளிடம் போய், முதலில் அப்பா, இப்போது அம்மா என்று உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டாள். அந்த அம்மாள் சிரித்துவிட்டு, பணம் இல்லை என்றாராம். "உங்க குடும்பத்துல ஆள் தீர்ந்ததும் வாங்க" என்றாராம். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே தாடி அழுதான். மகள் அழவில்லை. வெள்ளைப் பலகையைத் துடைத்தாள், வாடிக்கையாளர்களிடம் உண்மையைச் சொல்லி, உள்ளே மனிதர்கள்தான் உட்கார்ந்திருக்கிறோம், வேண்டுமானால் மாதச் சந்தா கொடுங்கள் என்று எழுதிவிட்டாள். பாதிக்கு மேல் கொடுத்துவிட்டார்கள். "மனுஷங்கன்னு எங்களுக்கு முன்னாடியே தெரியும், கம்ப்யூட்டர் புருஷன் பொண்டாட்டி சண்டையைத் தீர்க்குமா?" என்று கதவுக்காரப் பெண் எழுதியிருந்தாள். ஊர் ஊராய்ப் பரவாது, ஆனால் எங்கள் கடை மூடாது. காலையில் உங்கள் தங்கை, மாலையில் நான். மதியம் இனிமேல் சர்வர் தூங்காது, தாடி பார்த்துக்கொள்கிறான், சாப்பிட்டீர்களா என்று கேட்க இப்போதுதான் பழகுகிறான்.

ஆகவே நீங்கள் என் மகளுக்குப் போன் செய்ய வேண்டிய அவசியமே இல்லை. அவளே உங்களுக்குச் செய்வாள். எழுதத் தெரியாதவர்களும் நிறையப் பேர் இருக்கிறார்களாம், அவர்களுக்குப் பேசிப் பதில் சொல்ல நல்ல குரல் ஒன்று வேண்டுமாம். ஆள் தீர்ந்ததும் வாருங்கள் என்று அந்த அம்மாள் சொன்னபோதே, "இன்னும் ஒரு மாமா இருக்கார்" என்று சொல்லிவிட்டுத்தான் எழுந்து வந்தாளாம். உள்ளறையில் இரண்டாவது மேசை போட்டாயிற்று. வெந்நீரை விடாமல் குடிக்கவும்.